லிஃப்ட் போட்ட வண்டியில் டயர் உரசல்: எதை வெட்டணும், எதைத் தொடக் கூடாது?

கல்லும்மண்ணும் (கேள்வி):

லேடர் ஃபிரேம் வண்டி (ஏணி மாதிரி சேசிஸ் மேல கேபின் தனியா உட்கார்ந்திருக்கும்). முன்னாடி டபுள் விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒண்ணு, கீழே ஒண்ணுன்னு ரெண்டு ஆர்ம்), காயில்ஓவர் (ஷாக்கைச் சுத்தி ஸ்பிரிங் உள்ள ஸ்ட்ரட்). பின்னாடி லைவ் ஆக்சில் (ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒரே ஆக்சில்). கம்பெனி டயர் 265/65 ஆர்17, ரிம் 7.5 இன்ச், ஆஃப்செட் (ரிம்மோட நடுக்கோட்டிலிருந்து அது ஹப்ல மாட்டுற முகம் எத்தனை மி.மீ. வெளியே இருக்குங்கிறது) பிளஸ் 30. இப்போ இருக்கிறது 285/70 ஆர்17 மட் டெரெய்ன், 8.5 இன்ச் ரிம், ஆஃப்செட் ஜீரோ. முன்பக்கம் ஸ்ட்ரட் தலையில 25 மி.மீ. ஸ்பேசர் வச்சு வண்டி சுமார் 50 மி.மீ. உயர்ந்திருக்கு. பின்னாடியும் 50 மி.மீ. கூடுதல் உயரமுள்ள ஸ்பிரிங்.

நேரா ஓடும்போது ஒரு சத்தமும் இல்லை. உரசுற இடங்கள்:

ஸ்டீயரிங்கை முக்கால்வாசி ஒடிச்சா, ஒடிக்கிற பக்கத்து டயரோட பின்பகுதி உரசுது. இடதுபக்கம் ரொம்ப அதிகம், வலதுபக்கம் லேசா. ரிவர்ஸ்ல ஒடிச்சு பிரேக் பிடிச்சா முன் பம்பரோட கீழ்மூலையில படுது. பள்ளத்துல ஒரு சக்கரம் வேகமா இறங்கி ஏறினா மேலே 'டப்'னு ஒரு இடி, அதோட 'சர்ர்'னு உரசல்.

மூணு யோசனை சொல்றாங்க: இன்னும் 25 மி.மீ. தூக்கு, வீல் ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கிற தட்டு) போடு, பாடி மவுன்ட்டை (சேசிஸ்ல கேபின் உட்காருற இரும்புக் கை) வெட்டு. இதுல எது சரி? பாடி மவுன்ட்டை வெட்டினா கேபினுக்குப் பலம் போயிடாதா?

அரைமில்லி:

தூக்கினால் சரியாகாது. வீல் ஸ்பேசர் போட்டால் இன்னும் மோசமாகும். பாடி மவுன்ட்டை வெட்டலாம். ஆனால் அது வரிசையில் கடைசி வேலை.

லிஃப்ட் மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தை மட்டும்தான். சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது சக்கரம் எதுவரை மேலே போகும் என்பதை பம்ப் ஸ்டாப் (ஆர்ம் கடைசியில் முட்டும் ரப்பர் கட்டை) தீர்மானிக்கிறது. அது பழைய இடத்திலேயே இருக்கும்வரை, 50 தூக்கினாலும் 100 தூக்கினாலும் ஹப் கடைசியில் பழைய இடத்துக்கே வரும். இப்போது அங்கே வருவது பெரிய டயர், அவ்வளவுதான் வித்தியாசம்.

எவ்வளவு பெரியது? 265/65 ஆர்17-ன் விட்டம் 776 மி.மீ., 285/70 ஆர்17-ன் விட்டம் 831 மி.மீ. ஆரத்தில் 27 மி.மீ. கூடுதல். இது எழுத்தில் உள்ள அளவு. மட் டெரெய்ன் டயரின் தோளில் துருத்தும் கட்டைகள் இதில் சேராது. டேப் வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்து ஆஃப்செட். ஹப் முகத்திலிருந்து டயரின் வெளிவிளிம்பு முன்பு 102 மி.மீ. தள்ளி இருந்தது, இப்போது 142. உள்விளிம்பு 162-லிருந்து 142-க்கு வந்துவிட்டது. அதாவது உள்பக்கம் அப்பர் ஆர்ம், ஸ்வே பார் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இருக்கும் இடத்தில் 20 மி.மீ. லாபம், வெளிப்பக்கம் 40 மி.மீ. நஷ்டம். உங்கள் உரசல் முழுக்க வெளிவிளிம்பால் வருவது.

ஏன் என்றால், ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது சக்கரம் தன் நடுவில் சுழல்வதில்லை, மேல் கீழ் பால் ஜாயின்ட்டுகளை இணைக்கும் அச்சில் சுழல்கிறது. இடதுபக்கம் ஒடித்தால் இடது டயரின் பின்-வெளி மூலை வண்டியின் உள்பக்கமாக வீசிக்கொண்டு பின்னால் போகும். அந்த மூலை அச்சிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. ஹப் உயரத்தில் அச்சுக்கும் ஹப் முகத்துக்கும் 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம் (வண்டிக்கு வண்டி மாறும், நீங்களே அளந்து போடுங்கள்):

கம்பெனி டயர், கம்பெனி ரிம்: 388 பின்னால், 162 பக்கவாட்டில். வீச்சு 420 மி.மீ.
285/70, ஆஃப்செட் பிளஸ் 30: 415, 172. வீச்சு 449.
285/70, ஆஃப்செட் ஜீரோ: 415, 202. வீச்சு 462.

மொத்தம் 41 மி.மீ. கூடியதில் 29 டயரால், 12 ரிம்மால். டயரின் தோள் வளைந்திருப்பதால் நிஜத்தில் சில மில்லி குறையும். 25 மி.மீ. வீல் ஸ்பேசர் போட்டால் பக்கவாட்டுத் தூரம் 227 ஆகும், வீச்சு 473-க்குப் போகும். டயர் உள்பக்கம் ஆர்மில் உரசினால் மட்டுமே ஸ்பேசர் மருந்து. உங்களுக்கு அது விஷம்.

ரிம்மை இன்னும் மாற்ற வாய்ப்பு இருந்தால் ஒரு கணக்கு: கம்பெனி ரிம்மிலேயே 255/80 ஆர்17. விட்டம் 840, உங்கள் டயரைவிட உயரம். ஆனால் ஒல்லி. 420 பின்னால், 157 பக்கவாட்டில், வீச்சு 449. உயரமான டயர் 13 மி.மீ. குறைவாக வீசுகிறது! அகலம்தான் அழகு என்று நினைப்பவர்களுக்கு இது பிடிக்காது. மேல் பால் ஜாயின்ட்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கவும்.

'டப்' சத்தம் தனி விஷயம். அது டயர் இல்லை, ஷாக். ஸ்ட்ரட் தலையில் வைக்கும் ஸ்பேசர் ஷாக்கை முழுதாகக் கீழே தள்ளுகிறது. சக்கரம் மேலே வரும்போது பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக்கின் ராடு உள்ளே முட்டிவிடும். அப்படியே ஓட்டினால் முதலில் போவது ஷாக்கின் வால்வும் மேல் மவுன்ட்டும்.

சாக்பீஸ்:

மேலே சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. எதையும் வெட்டுறதுக்கு முன்னாடி உரசுற இடத்தைக் கண்ணால பார்க்கணும். காது பொய் சொல்லும். லைனர்ல (சக்கரத்தைச் சுத்தி உள்ள பிளாஸ்டிக் உறை) படுற சத்தம் பம்பர்ல இருந்து வர்ற மாதிரி கேட்கும்.

சும்மா பார்க்கிறதுக்கு: லைனர், பம்பர் மூலை, பாடி மவுன்ட் முன்முகம், மட் ஃபிளாப் எல்லாத்தையும் கழுவிக் காயவச்சு மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. டயரோட தோள்ல சாக்பீஸ் நல்லா தேய்ங்க. மெதுவா ரெண்டு பக்கமும் எட்டு போடுங்க, முன்னாடி போகும்போது ஒரு தடவை பிரேக், ரிவர்ஸ்ல ஒரு தடவை பிரேக். டேப்ல கோடு எங்கே விழுந்திருக்கோ அங்கேதான் வேலை.

அந்த பிரேக் எதுக்குன்னா, லோயர் ஆர்ம் புஷ் (ஆர்ம் சேசிஸ்ல மாட்டுற இடத்து ரப்பர்) நெகிழுறதைப் பார்க்க. முன்னாடி போய் பிரேக் பிடிச்சா சக்கரம் சில மில்லி பின்னால தள்ளப்படும், ரிவர்ஸ்ல பிடிச்சா முன்னால வரும். உங்க பம்பர் மூலை ரிவர்ஸ்ல மட்டும் படுறதுக்குக் காரணம் இதுதான். நகர்வு ரொம்ப அதிகமா தெரிஞ்சா புஷ் செத்துப்போச்சுன்னு அர்த்தம். புது புஷ் போட்டாலே சில வண்டியில உரசல் பாதி போயிடும்.

முழு அமுக்கத்துல பார்க்கிறது கொஞ்சம் பெரிய வேலை, ஆனா இதைச் செய்யாம மேல்பக்க உரசலைத் தீர்க்க முடியாது. முன்பக்கத்தைத் தூக்கி சேசிஸ்ல ஜாக் ஸ்டாண்ட் கொடுங்க, பின் சக்கரத்துக்குக் கட்டை. ஸ்வே பார் லிங்க் ரெண்டு பக்கமும் கழற்றுங்க. காயில்ஓவரை அப்படியே முழுசா வெளியே எடுங்க. ஸ்பிரிங்கைத் தனியாப் பிரிக்கவே வேண்டாம், அது அமுங்கின நிலையில இருக்கு, தவறினா ஆளை அடிச்சிடும். ஆர்ம் தானா கீழே தொங்க விடாதீங்க: ஷாக் இல்லாதப்போ அதைத் தடுக்க ஒண்ணும் கிடையாது, பிரேக் ஹோஸும் ஆக்சிலோட சிவி ஜாயின்ட்டும் (ஒடிச்ச சக்கரத்துக்கும் சுழற்சியைக் கடத்துற மூட்டு) இழுபடும். ஜாக்கியாலேயே தாங்கிப் பிடிச்சிருக்கணும். அப்புறம் டயரை மாட்டி, லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக்கி வச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ஒவ்வொரு 20 மி.மீ.க்கும் ஸ்டீயரிங்கை இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பிப் பாருங்க. டயர் எதையாவது தொட்ட உடனே நிறுத்தி, பம்ப் ஸ்டாப்புக்கும் அது முட்டுற இடத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி மிச்சம்னு அளந்து எழுதி வைங்க. இந்த ஒரு நம்பர் கையில இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

கையோட பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் ரெண்டும் டயர்ல படுதான்னும் பார்த்துடுங்க. உரசல் சத்தம் கேட்காது, ஒருநாள் பெடல் கீழே போகும்போதுதான் தெரியும்.

குறுக்குச்சந்து:

இவ்வளவு எதுக்கு? நக்கிள்ல (ஹப்பைத் தாங்குற துண்டு) இருக்கிற ஸ்டீயரிங் ஸ்டாப் போல்ட்டுக்கு 3 மி.மீ. வாஷர் ஒண்ணு கொடுங்க. கோடிக்குப் போகாது, உரசாது. அரை மணி நேர வேலை.

அரைமில்லி:

அது சில உரசலுக்குத்தான் பலிக்கும். மேலே உள்ள கணக்கில் பின்-வெளி மூலை மிக அதிகம் பின்னால் போவது சுமார் 26 டிகிரி ஒடிப்பில். கோடி அதற்கும் மேலே இருக்கும். அதைத் தாண்டினால் மூலை இன்னும் உள்ளே போகுமே தவிர பின்னால் போகாது. எனவே கடைசி அரைச் சுற்றில் மட்டும் உரசினால் வாஷர் உதவும். முக்கால் ஒடிப்பிலேயே ஆரம்பித்தால், அதைத் தடுக்கும் அளவுக்கு வாஷர் போட்டபின் வண்டி லாரி மாதிரி திரும்பும். மலைப்பாதை ஹேர்பின்னில் ரிவர்ஸ் எடுத்து எடுத்துத் திரும்ப வேண்டியதுதான்.

போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் ஒரே தடிமன். மறந்தும் ஸ்டாப்பை எதிர்த்திசையில் குறைத்துவிடாதீர்கள்: ஸ்டீயரிங் ரேக்கும் சிவி ஜாயின்ட்டும் தாங்கும் கோணத்தை அந்தப் போல்ட்தான் காக்கிறது.

கேம்போல்ட்:

கிரைண்டரைத் தொடுவதற்கு முன் அலைன்மென்ட். இந்த வரிசையை மாற்றினால் தேவையில்லாத இடத்தை வெட்டி வைப்பீர்கள், ஏனென்றால் அலைன்மென்ட்டில் சக்கரமே முன்பின் நகரும்.

டபுள் விஷ்போன் வண்டியைத் தூக்கினால் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்) குறையும். லோயர் ஆர்மில் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு கேம் போல்ட் (திருப்பினால் ஆர்மின் முனையை உள்ளே வெளியே நகர்த்தும் போல்ட்) இருக்கும் வண்டிகளில், முன் கேமை உள்ளே இழுத்து, பின் கேமை வெளியே தள்ளினால் ஆர்ம் முன்பக்கமாகத் திரும்பும். கீழ் பால் ஜாயின்ட் முன்னால் வரும், காஸ்டர் கூடும், சக்கரமும் சில மில்லி முன்னால் வரும். பாடி மவுன்ட் பக்கம் காசில்லாமல் கிடைக்கிற இடம் இது. அலைன்மென்ட் செய்பவரிடம் 'திரையில் பச்சை வந்தால் போதும்' என்று விட்டுவிடாதீர்கள். காஸ்டர் 3 முதல் 3.5 டிகிரி, இரண்டு பக்கமும் வித்தியாசம் அரை டிகிரிக்குள், சக்கரம் முடிந்தவரை முன்னால், டோ (சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கடைசியில் என்று எழுதியே கொடுங்கள்.

கேம்பரையும் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு) இதே கேம்களால்தான் சரிசெய்ய வேண்டும். 50 மி.மீ. தூக்கியபின் இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க கேமில் இடம் போதாமல் போவது வழக்கம். அப்போதுதான் மாற்று அப்பர் ஆர்ம் தேவைப்படும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'அப்பர் ஆர்ம் போட்டால் உரசல் போய்விடும்' என்பது பாதி உண்மை. அது மேல் பால் ஜாயின்ட்டைப் பின்னால் இழுத்துத்தான் காஸ்டரைக் கூட்டுகிறது. அதனால் ஹப்பும் துளி பின்னால்தான் போகும். லாபம் எங்கே என்றால், காஸ்டர் பாரத்தை அப்பர் ஆர்ம் சுமப்பதால் கீழே உள்ள கேம்களை முழுக்கச் சக்கரத்தை முன்னால் தள்ளவே பயன்படுத்தலாம். அப்பர் ஆர்ம் மாட்டி, கீழ் கேம்களை நடுவில் வைத்துவிட்டால் உரசல் அப்படியே இருக்கும்.

சக்கரத்தை முன்னால் கொண்டுவந்தால் பம்பர் மூலை இன்னும் நெருங்கும். பரவாயில்லை. பம்பர் பிளாஸ்டிக், பாடி மவுன்ட் இரும்பு. எதை வெட்டுவது சுலபம் என்று சொல்லத் தேவையில்லை.

டிங்கர்பட்டறை:

அலைன்மென்ட் முடிஞ்சு டேப் கோடு மறுபடி எடுத்தாச்சுன்னு வச்சுக்கிட்டு எழுதறேன். முன்னாலிருந்து பின்னால போவோம்.

பம்பர் மூலை: சாக்பீஸ் கோட்டிலிருந்து 20 மி.மீ. தள்ளி ஒரு வளைகோடு டேப்பாலே ஒட்டுங்க. சின்ன கட்டிங் வீல் இல்லைன்னா மல்டிடூல், குறைவான வேகத்துல. வேகம் அதிகமானா பிளாஸ்டிக் உருகி பிளேடுலயே ஒட்டிக்கும். முதல்ல 10 வெட்டு, பாரு, அப்புறம் மிச்சம். கீழே லைனரைப் பிடிக்கிற கிளிப் இருந்தா வெட்டினப்புறம் உள்பக்கமா புது ஓட்டை போட்டு மாத்துங்க. ஸ்க்ரூ போட்டா கூர்மை டயர் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கவே கூடாது.

லைனர்: கழற்றி வீசிடாதீங்க. அது இல்லைன்னா சேறும் கல்லும் நேரா ஒயரிங் மேலயும் கதவுக் கீல் பக்கமும் போய் உட்காரும். ஹீட் கன் எடுத்து ஒரு அடி தூரத்துல ஆட்டிக்கிட்டே சூடு பண்ணுங்க, தொட்டா தொய்யுற பதம் வந்ததும் மரக்கட்டையாலே பின்னால அழுத்தி, ஈரத்துணி போட்டு ஆறுற வரைக்கும் பிடிங்க. மினுமினுப்பு வந்தா அதிகமாச்சு, அந்த இடம் சுருங்கி நாளைக்கு விரியும். அழுத்துறதுக்கு முன்னாடி லைனரை அவுத்து பின்னாடி என்ன இருக்குன்னு கண்ணால பாருங்க. வாஷர் டேங்க், ஒயரிங் கட்டு, ஏசி பைப்பு ஏதாவது ஒண்ணு இருக்கும்.

பின்ச் வெல்ட்: லைனருக்குப் பின்னால, ரெண்டு தகடு சேர்ற இடத்துல 15, 20 மி.மீ. அகலத்துக்கு ஒரு விளிம்பு கத்தி மாதிரி டயரைப் பார்த்துக்கிட்டு நிக்கும். டயரை நிஜமா வெட்டுறது இதுதான், லைனர் இல்லை. இதை அறுத்து எடுக்கக் கூடாது. அந்த விளிம்புல உள்ள ஸ்பாட் வெல்ட்தான் ரெண்டு தகட்டையும் பிடிச்சிருக்கு. மடக்கணும். பழைய சீலரைச் சுரண்டி எடுத்துட்டு, 25, 30 மி.மீ. இடைவெளியில பாதி ஆழத்துக்கு மட்டும் கீறல் போடுங்க. ஒரு கிலோ சுத்தியால பின்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா படிய வைங்க. ஒரே அடியில மடக்கினா வெல்ட் கிழியும். முடிச்சதும் வெறும் தகடு தெரியுற இடமெல்லாம் பிரைமர், அது காய்ஞ்சதும் பாலியூரிதேன் சீம் சீலர் தாராளமா, மேல பெயின்ட், அதுக்கும் மேல அண்டர்கோட். மறுநாள் அந்த இடத்துல பத்து நிமிஷம் தண்ணி அடிச்சுட்டு உள்ளே கார்பெட்டைத் தூக்கிக் கை வச்சுப் பாருங்க. ஈரம் இருந்தா சீலர் பிடிக்கலை.

பாடி மவுன்ட்: பலம் போகுமான்னு கேட்டீங்க. சரியா செஞ்சா போகாது. சேசிஸ்ல இருந்து நீட்டிக்கிட்டு வர்ற பெட்டி மாதிரியான கை அது. வெட்டுறது அதோட முன்-வெளி மூலையை மட்டும். கேபின் போல்ட்டையும் ரப்பர் உட்காருற கிண்ணத்தையும் தொடுறதே இல்லை. வெட்டின வாயைத் திறந்தபடி விட்டாத்தான் பலம் போகும். தகடு வச்சு மூடினா பெட்டி மறுபடி பெட்டி ஆயிடும். பாதி பேரு இங்கேதான் சோம்பேறித்தனம் பண்றாங்க. வெட்டி, கறுப்பு பெயின்ட் அடிச்சு, அப்படியே விட்டுடறாங்க. உள்ளே சேறு சேர்ந்து ரெண்டு மழையிலே துரு.

அட்டையில டெம்ப்ளேட் வெட்டி ரெண்டு பக்கமும் ஒரே வளைவுல வரைஞ்சுக்குங்க. வழக்கமா 25, 30 மி.மீ. போதும். பேட்டரி நெகட்டிவ் கழற்றணும். வெல்டிங் எர்த்தை அதே மவுன்ட் கை மேலேயே மாட்டணும். தூரமா மாட்டினா கரன்ட் கம்ப்யூட்டர் வழியாச் சுத்திக்கிட்டு வரும். கார்பெட்டை உள்ளே ஒதுக்கி, ரப்பர் மேல ஈரத்துணி, கண்ணாடிக்குப் போர்வை (கிரைண்டர் பொறி கண்ணாடியில குத்தினா போகவே போகாது). மூடுற தகடு 3 இல்லைன்னா 4 மி.மீ. எம்எஸ் (மைல்டு ஸ்டீல்), வளைவுக்கு ஏத்த மாதிரி சுத்தியால வளைச்சு, முதல்ல நாலு பொட்டு, அப்புறம் சின்னச் சின்னதா விட்டு விட்டு முழு ஓட்டம். ஒரேயடியா ஓட்டினா ரப்பர் வெந்துடும். வெல்டை மழமழன்னு அரைச்சு எடுக்காதீங்க, டயர் படாத இடத்துல அது அப்படியே இருக்கட்டும். வெளியே ஜிங்க் பிரைமர், உள்ளே ஓட்டை வழியா மெழுகு ஸ்பிரே.

மட் ஃபிளாப் பத்தி ஒண்ணும் சொல்லத் தேவையில்லை. அவுத்து 30 மி.மீ. பின்னால மாட்டுங்க.

இரட்டைஆக்சில்:

முன்னாலும் லைவ் ஆக்சில் வச்சிருக்கிறவங்க இதைப் படிச்சிட்டு அப்படியே செய்யாதீங்க. அங்கே காரணமே வேற.

தூக்கினா பன்ஹார்ட் ராட் (ஆக்சிலைக் குறுக்கே சேசிஸோட கட்டுற கம்பி) ஆக்சிலைப் பக்கவாட்டுல இழுக்கும், சேசிஸ்ல மாட்டியிருக்கிற முனை பக்கமா. 850 மி.மீ. ராட், ரெண்டு முனைக்கும் உயர வித்தியாசம் 100 இருந்தது 175 ஆச்சுன்னா, ஆக்சில் 12 மி.மீ. நகரும். ஒரு பக்க டயர் வெளியே, மறுபக்க டயர் உள்ளே. 'ஒரு பக்கம் மட்டும் உரசுது'ன்னு வர்ற புகார்ல முதல்ல பார்க்க வேண்டியது இது. நீளம் மாத்துற ராட் போட்டு, வண்டி தரையில நிக்கும்போது, நடுவுக்குக் கொண்டுவரணும். ஜாக்கியில தொங்கும்போது அட்ஜஸ்ட் பண்ணினா அளவு தப்பும்.

ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாயறதால ஆக்சில் பின்னாலயும் வரும், காஸ்டரும் குறையும். லீடிங் ரேடியஸ் ஆர்ம் (பின்னால சேசிஸ்ல மாட்டி, முன்னோக்கி வந்து ஆக்சிலைப் பிடிக்கிற ஆர்ம்) வண்டிக்கு காஸ்டர் புஷ் (ஓட்டை நடுவிலிருந்து தள்ளியிருக்கிற புஷ்) போட்டா காஸ்டர் மட்டும் திரும்பக் கிடைக்கும், ஆக்சில் முன்னால வராது. அதுக்கு நீளமான ஆர்ம் இல்லைன்னா சேசிஸ் பக்கம் இறக்குற பிராக்கெட்.

அப்புறம் கோடி வரை ஒடிச்சா டயரோட உள்பக்கம் ரேடியஸ் ஆர்ம்ல படும். அங்கேதான் ஸ்டாப் போல்ட் வாஷரும் வீல் ஸ்பேசரும் நியாயமான மருந்து. ஸ்பேசர்னா ஹப் சென்ட்ரிக் (ஹப்போட நடு வளையத்துல கச்சிதமா உட்காருறது) மட்டும். சும்மா நடுவுல சொருகுற தட்டுன்னா, எம்12 ஸ்டட்ல நட்டு குறைஞ்சது 12 மி.மீ. ஏறணும், 1.5 பிட்ச்சுக்கு எட்டுச் சுத்து. ஏழு சுத்துதான் வருதுன்னா அந்த ஸ்பேசர் வேண்டாம். மாட்டி 100 கிலோமீட்டர் ஓடினதும் டார்க் ரெஞ்ச் வச்சு மறுபடி இறுக்கணும்.

கல்லும்மண்ணும்:

ரெண்டு பக்கமும் அளந்தாச்சு. ஹப் நடுவிலிருந்து பின்னால பாடி மவுன்ட் முகம் வரைக்கும் இடதுபக்கம் வலதைவிட 6 மி.மீ. குறைவு. இப்போதைய அலைன்மென்ட் ஷீட்ல காஸ்டர் இடது 1.9, வலது 2.6.

காயில்ஓவரை எடுத்துட்டு லோயர் ஆர்மை ஏத்தினதுல, ஒடிச்ச நிலையில டயர் லைனரோட பின்-மேல்பக்கத்தைத் தொடும்போது பம்ப் ஸ்டாப் முட்ட இன்னும் 9 மி.மீ. மிச்சம். அந்த இடத்துல லைனருக்குப் பின்னால உடனே தகடு, அழுத்த இடமில்லை. பம்ப் ஸ்டாப், ஆர்மோட உள்முனைக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் கிட்டத்தட்ட நடுவுல இருக்கு. பம்ப் ஸ்டாப்பை எவ்வளவு இறக்கணும்?

அரைமில்லி:

முதலில் அந்த 6 மி.மீ. இரண்டு பால் ஜாயின்ட்டுக்கும் நடுவே 300 மி.மீ. என்று வைத்தால், காஸ்டரில் 0.7 டிகிரி வித்தியாசம் கீழ் பால் ஜாயின்ட்டில் 3.7 மி.மீ. ஹப் நடுவில் அதைவிடக் குறைவாக, இரண்டரை மில்லி அளவில். மீதி மூன்றரை மில்லிக்குக் கேம் காரணமில்லை. இடது லோயர் ஆர்மின் பின் புஷ்ஷைப் பாருங்கள்: ரப்பர் உலோகத்திலிருந்து விட்டிருக்கிறதா, ஸ்லீவ் நடுவில் இருக்கிறதா? அது நன்றாக இருந்தால் இரண்டு லோயர் ஆர்ம்களையும் கழற்றி ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிடுங்கள். கல்லில் அடிபட்டு வளைந்த ஆர்ம் பெயின்ட்டிலேயே காட்டிக் கொடுக்கும். இதைச் சரிசெய்யாமல் இடது பாடி மவுன்ட்டைக் கூடுதலாக வெட்டுவது நோயை விட்டுவிட்டுச் சட்டையைத் தைப்பது போல.

பம்ப் ஸ்டாப்: மிச்சம் 9, புஷ் நெகிழ்வுக்கும் ரப்பர் அமுங்குவதற்கும் 4, மொத்தம் 13 மி.மீ. ஆர்மின் நடுவில் இருப்பதால் அங்கே 13 என்றால் சக்கரத்தில் சுமார் 26. ஆரத்தில் கூடிய 27-உடன் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, அதனால் உங்கள் அளவை நம்பலாம். ரப்பருக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே 12 அல்லது 13 மி.மீ. இரும்புத் தட்டு, போல்ட்டை அதே அளவுக்கு நீளமாக மாற்றுங்கள். ரப்பர் வாஷர்களை அடுக்காதீர்கள், அமுங்கி அளவு காணாமல் போகும்.

26 மி.மீ. பயணம் போகிறதே என்று கவலைப்படத் தேவையில்லை. 50 தூக்கியதால் மேல்நோக்கிய பயணம் 50 கூடியிருக்கிறது. அதில் 26-ஐச் செலவழித்தாலும் கம்பெனி நிலையைவிட 24 அதிகம். லிஃப்ட் டயருக்கு இடம் தருவதில்லை. பம்ப் ஸ்டாப்பை இறக்குவதற்கு உங்களிடம் பயணம் இருக்கும்படி செய்கிறது. அதன் உண்மையான பயன் இங்கேதான்.

ஸ்ட்ரட் தலை ஸ்பேசரை மட்டும் எடுத்துவிடுங்கள். ஷாக்கின் கீழ் மவுன்ட்டும் ஆர்மின் நடுவிலேயே இருந்தால், 13 மி.மீ. தட்டு ஷாக்குக்கு 13-ஐத்தான் திருப்பித் தருகிறது. ஸ்பேசர் தின்றது 25. மீதி 12 இன்னும் கடன், 'டப்' போகாமல் இருக்கலாம். அதே உயரத்தை நீளமான ஸ்பிரிங்கால் பெற்றால் ஷாக்கின் உள்பயணம் முழுதாகத் திரும்பக் கிடைக்கும். மாற்றியபின் ஷாக் ராட்டில் ஒரு ஜிப் டை கட்டி, ரப்பர் உறையைத் தூக்கிவைத்து, மேடுபள்ளத்தில் ஒரு நடை ஓட்டுங்கள். பம்ப் ஸ்டாப் முட்டிய தடம் தெரியும்போது ஜிப் டைக்கு மேலே குறைந்தது 6 மி.மீ. ராடு மிச்சமிருக்க வேண்டும்.

கேம்போல்ட்:

உயரம் ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு மில்லி மாறினாலும் அலைன்மென்ட் மாறும். எனவே முதலில் புஷ், பிறகு ஸ்பிரிங், ஸ்பிரிங் உட்கார 300 கிலோமீட்டர் ஓட்டம், அதன்பின் அலைன்மென்ட், அதன்பின் டேப். கேம் போல்ட், ஆர்ம் போல்ட் எல்லாவற்றையும் கடைசி இறுக்கு வண்டி தரையில் நிற்கும்போது செய்யவும். தொங்கும்போது இறுக்கினால் புதுப் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

சாக்பீஸ்:

ரெண்டு சின்ன விஷயம் விட்டுப்போச்சு. டயர் பெருசானதால மீட்டர் 100 காட்டும்போது நீங்க ஓடுறது 107. இன்னொண்ணு, ஸ்டெப்னியும் 285/70 வாங்கினா, பின்னாடி சேசிஸ்க்குக் கீழே அது ஏறுதான்னு மாட்டிப் பாருங்க. ஏறாட்டி பின் பம்பரோட உள்விளிம்புல சாய்ஞ்சு தொங்கும், அங்கேயும் ஒரு உரசல் ஆரம்பிக்கும்.